காலித் தாடையில் 43 மில்லி ஆம்பியர்: டிசி கிளாம்ப் மீட்டரின் ஜீரோ எங்கே போகிறது?

வயரை வெட்டாமல், தாடையால் அதைக் கவ்வி உள்ளே ஓடும் கரண்டை அளக்கும் கருவி கிளாம்ப் மீட்டர். டிசி கிளாம்ப் மீட்டரை ஆன் செய்து, தாடையை மூடி, உள்ளே ஒரு வயரும் இல்லாமல் மேசையில் வைத்தால் திரையில் ஜீரோ வர வேண்டும். என் மீட்டரில், 2 ஆம்பியர் ரேஞ்சில், 0.043 வந்து நின்றது. ஜீரோ பட்டனை அழுத்தினால் 0.000. அதே மீட்டரை எடுத்துக்கொண்டு பேட்டரி இருக்கும் இடத்துக்குப் போனால் −0.031. மறுபடி அழுத்தினால் மறுபடி ஜீரோ. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வேறொரு எண்.

40 ஆம்பியர் ஓடும் வயரை அளப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு. எனக்கு வேண்டியிருந்தது வேறு: எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்த பிறகும் ஒரு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சும்மா இழுத்துக்கொண்டிருக்கும் கரண்ட். அது 100 மில்லி ஆம்பியருக்குள்தான் இருக்கும் என்று தெரியும். அந்த அளவில் 40 மில்லி ஆம்பியர் பிழை என்பது பாதி விடையைத் தின்றுவிடும்.

ஜீரோ பட்டன் எதையும் சரி செய்வதில்லை. அழுத்தும் நொடியில் திரையில் என்ன இருக்கிறதோ அதை நினைவில் வைத்துக்கொண்டு, பிறகு வரும் ஒவ்வொரு ரீடிங்கிலிருந்தும் கழிக்கிறது, அவ்வளவுதான். கழிக்கப்படும் எண் மாறாமல் இருந்தால் அது போதும். மாறினால், ஏன் மாறுகிறது என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் ஒரு சின்ன பெஞ்ச் அமைப்பு செய்து, பிழையின் ஒவ்வொரு பங்கையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தேன்.

முதலில் உள்ளே நடப்பது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். மாறாத புலம் அதற்குத் தெரியாது, அதனால் டிசி ஆஃப்செட் (கரண்ட் இல்லாதபோதும் திரையில் நிற்கும் பொய் எண்) என்ற தொல்லையும் கிடையாது. டிசி அளக்கும் மீட்டரில் தாடைக்குள் வளையமாக இருக்கும் இரும்புக் கோரில் ஒரு சின்ன இடைவெளி விட்டு, அதில் ஹால் சென்சாரை உட்கார வைத்திருப்பார்கள். எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவுதான்: கரண்ட் ஓடும் ஒரு தகட்டுக்குக் குறுக்கே காந்தப்புலம் இருந்தால் பக்கவாட்டில் ஒரு சின்ன மின்னழுத்தம் தோன்றும். அந்த மின்னழுத்தத்தைப் பெருக்கி ஆம்பியராகக் காட்டுகிறது மீட்டர். சென்சார் பார்ப்பது காந்தப்புலத்தை மட்டுமே. அந்தப் புலம் வயரிலிருந்து வந்ததா, பூமியிலிருந்து வந்ததா, கோரிலேயே தங்கிவிட்டதா என்று பிரித்துச் சொல்ல அதனால் முடியாது.

எண்ணிக்கையில் பார்த்தால் சங்கதி இன்னும் தெளிவாகும். கோரில் உள்ள மொத்த இடைவெளி 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1 ஆம்பியர் ஓடினால் அந்த இடைவெளியில் உண்டாகும் புலம் சுமார் 420 மைக்ரோடெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு). 100 மில்லி ஆம்பியருக்கு 42 மைக்ரோடெஸ்லா. பூமியின் காந்தப்புலமோ இடத்துக்குத் தக்கபடி 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்கும். அதாவது நான் அளக்க நினைக்கும் கரண்டும் பூமியும் சென்சாரின் கண்ணுக்கு ஒரே அளவு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் மீட்டர் பழுதில்லை என்ற நிம்மதி வந்தது.

அப்புறம் பெஞ்ச் அமைப்பு. இரும்பு ஆணி இல்லாத ஒரு மரப்பலகை, மீட்டரை அசையாமல் பிடிக்க இரண்டு மரக்கட்டைகள், 1 மில்லிமீட்டர் எனாமல் கம்பியில் 20 சுற்றுச் சுருள், 10ஆவது சுற்றில் ஒரு நடு இணைப்பு. சுருளை ஒரு சாண் விட்டமுள்ள பெரிய வளையமாகச் சுற்றினேன். ஒரு பக்கம் தாடைக்குள் போகும், எதிர்ப்பக்கம் தாடையிலிருந்து எட்டி நிற்கும். தாடைக்குள் போகும் இடத்தில் பருத்தி நாடா சுற்றினால் எனாமல் உரியாது. கரண்டைத் திருப்ப ஒரு டிபிடிடி சுவிட்ச் (இரண்டு வயர்களை ஒரே நேரத்தில் இடம் மாற்றுவது), அதன் ஓர முனைகளைக் குறுக்காக இணைத்தது. தொடரில் 1 சதவீதத் துல்லியமுள்ள 1 ஓம் ரெசிஸ்டர். அதன் குறுக்கே மல்டிமீட்டர் வைத்தால் 1 மில்லிவோல்ட் என்பது 1 மில்லி ஆம்பியர். பெரிய கரண்டுக்குப் போகும்போது இந்த ரெசிஸ்டரை விலக்கிவிட வேண்டும், 5 ஆம்பியரில் அது 25 வாட் சூடு. பெஞ்ச் சப்ளையைக் கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் தள்ளி வைத்தேன். அதன் டிரான்ஸ்ஃபார்மரும் ஃபேனும் பக்கத்தில் இருந்தால் சோதனையே கெட்டுப்போகும்.

முதல் சோதனை சும்மா உட்கார்ந்து பார்ப்பது. மீட்டரை ஆன் செய்த உடனே ஜீரோ அழுத்திவிட்டு, தொடாமல் விட்டேன். முதல் ஐந்து நிமிஷத்தில் எண் 20 மில்லி ஆம்பியருக்கும் அதிகமாகச் சரிந்தது. கால் மணி நேரம் போன பிறகு 2, 3 மில்லி ஆம்பியருக்குள் ஆடிக்கொண்டு அடங்கியது. ஹால் சென்சார் மின்சாரப் பார்வையில், நான்கு ரெசிஸ்டர்களைச் சதுரமாக இணைத்த ஒரு பிரிட்ஜ் மாதிரி. நான்கு பக்கமும் மிகச் சமமாக இருந்தால்தான் புலம் இல்லாதபோது வெளியீடும் இருக்காது. தயாரிப்பில் வரும் நுண்ணிய கோணலும், பொதிந்திருக்கும் பிளாஸ்டிக் தரும் அழுத்தமும் அந்தச் சமநிலையைக் கெடுக்கின்றன. வெப்பம் மாறினால் அழுத்தமும் மாறும், ஆஃப்செட்டும் மாறும். நல்ல சென்சார் சிப்களில் தகட்டின் வழியே ஓடும் கரண்டின் திசையை மாற்றி மாற்றி, வரும் விடைகளைச் சராசரி எடுத்து இந்தப் பிழையின் பெரும்பகுதியைக் கழித்துவிடுவார்கள். மலிவான மீட்டரில் அதை எதிர்பார்க்க முடியாது.

சூடு வெளியிலிருந்தும் வரும். தாடையின் நுனியை விரல்களால் ஒரு நிமிஷம் பொத்திப் பிடித்தாலே எண் நகர்வதைப் பார்க்கலாம். பெரிய கரண்ட் ஓடிச் சூடேறிய கேபிளைத் தாடைக்குள் நீண்ட நேரம் விட்டு வைத்தாலும் அதுவேதான். ஆகவே முதல் பழக்கம்: அளக்கும் இடத்திலேயே மீட்டரை ஆன் செய்து கால் மணி நேரம் விட்டுவிட வேண்டும். இதில் ஒரு சின்னத் தொந்தரவு உண்டு. பல மீட்டர்கள் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். அணைந்தால் ஜீரோ நினைவும் போய்விடும். ஆன் செய்யும்போது ஒரு குறிப்பிட்ட பட்டனை அழுத்திப் பிடித்தால் தானாக அணைவது நிற்கும். எந்தப் பட்டன் என்பது அந்தந்த மீட்டரின் கையேட்டில் இருக்கும். ரேஞ்ச் மாற்றினாலும் பல மீட்டர்களில் ஜீரோ கலைந்துவிடும்.

அடுத்தது பூமி. சூடேறி அடங்கிய மீட்டரைப் பலகையில் படுக்க வைத்து, ஜீரோ அழுத்தி, பலகையோடு சேர்த்து மெதுவாக ஒரு முழு வட்டம் சுற்றினேன். எண் ஏறி, இறங்கி, மறுபக்கம் போய், திரும்ப ஜீரோவுக்கு வந்தது. உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையே 80 மில்லி ஆம்பியர். ஒரு காம்பஸை வைத்துப் பார்த்தால் ஒழுங்கு தெரியும்: மீட்டரின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கும்போதுதான் ரீடிங் ஒரு பக்கத்து எல்லைக்குப் போகிறது. சென்சார் தாடை நுனியில், மீட்டரின் அகலவாக்கில் வரும் புலத்தை உணரும்படி இருக்கிறது. கிழக்கு மேற்காக வைத்தால் அந்த அகலம் வடக்கு தெற்காக வந்துவிடும். நுனியில் ஒன்று, கீல் பக்கம் ஒன்று என இரண்டு சென்சார் வைத்த மீட்டர்களில் சீரான வெளிப்புலம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், மீதி இருப்பது இரண்டுக்கும் உள்ள சிறு வித்தியாசம் மட்டுமே. மீட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: கையில் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். விவரத்தாளில் இல்லாத ஒன்றை அந்த அரை நிமிஷம் சொல்லிவிடும்.

பூமியைவிடப் பெரிய எதிரி அக்கம்பக்கம். 5 சென்டிமீட்டர் தள்ளி 30 ஆம்பியர் ஓடும் இன்னொரு கேபிள் இருந்தால் அது அங்கே தரும் புலம் 120 மைக்ரோடெஸ்லா. ஸ்பீக்கர், மோட்டார், நுனி காந்தமேறிய ஸ்க்ரூடிரைவர், மீட்டரைத் தொங்கவிடக் கொடுக்கும் காந்தப் பட்டை என்று பட்டியல் நீளும். ஜீரோவை மேசையில் அழுத்திவிட்டுப் பேட்டரி அருகே போனால் எண் மாறியதற்குக் காரணம் இதுதான். சரியான ஜீரோ என்பது, அளக்கப்போகும் வயர் தாடைக்குள் இருக்கும்போதே, அதில் கரண்டை மட்டும் நிறுத்திவிட்டு அழுத்துவது. நிறுத்த வழியில்லை என்றால், வயருக்குப் பக்கத்தில், அதே திசையில், அதே சாய்வில், மூடிய காலித் தாடையோடு அழுத்த வேண்டும்.

மூன்றாவது பங்கு கோரில் தங்கும் காந்தம். இதைப் பார்க்கச் சுருளில் 5 ஆம்பியர் விட்டேன். 20 சுற்று என்பதால் தாடைக்கு அது 100 ஆம்பியர் மாதிரி. மீட்டரை அதன் பெரிய ரேஞ்சில் வைத்துக்கொண்டேன். அரை நிமிஷம் ஓடவிட்டு, சப்ளையை அணைத்து, திரும்ப 2 ஆம்பியர் ரேஞ்சுக்கு வந்தால், முன்பு இருந்ததைவிட 95 மில்லி ஆம்பியர் அதிகம். சுவிட்சைத் திருப்பி எதிர்த்திசையில் அதே கரண்டை விட்டால் கிட்டத்தட்ட அதே அளவு எதிர்ப்பக்கம் தங்கியது. மீட்டர் கடைசியாக எதை அளந்ததோ அதன் தடம் இப்படி உள்ளேயே இருக்கிறது. காலையில் இன்வெர்ட்டர் கேபிளையோ ஸ்டார்ட்டர் மோட்டாரையோ அளந்துவிட்டு, மாலையில் அதே மீட்டரால் சின்னக் கரண்டை அளக்க உட்கார்ந்தால் இந்தப் பங்குதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கும்.

தாடையைப் பல தடவை திறந்து மூடினால் குறையும் என்பார்கள். குறைகிறது, ஆனால் என் மீட்டரில் பாதிக்கு மேல் போகவில்லை. முழுதாக நீக்க டீகாஸ் செய்ய வேண்டும்: முன்பு ஓடியதைவிடப் பெரிய ஏசி கரண்டைச் சுருளில் விட்டு, அதைப் படிப்படியாக ஜீரோவுக்கு இறக்குவது. நான் வைத்த அமைப்பு எளியது. வேரியாக் (ஏசி வோல்டேஜைத் திருகி ஏற்றி இறக்க உதவும் டிரான்ஸ்ஃபார்மர்), அதற்குப் பின் 12 வோல்ட் 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், தொடரில் ஒரு 12 வோல்ட் 55 வாட் ஹாலஜன் பல்பு, அப்புறம் 20 சுற்றுச் சுருள். பல்பு முழுப் பிரகாசத்தில் எரியும்போது சுமார் 4.6 ஆம்பியர், உச்சத்தில் கணக்கிட்டால் தாடைக்கு 130 ஆம்பியர். முன்பு விட்ட 100ஐ அது தாண்டிவிடுகிறது. வேரியாக் மட்டும் வைத்து நேராகச் சுருளுக்குக் கொடுக்கவே கூடாது. வேரியாக் மெயின்ஸிலிருந்து பிரிக்கப்பட்டதல்ல, தொட்டால் ஆபத்து. இடையில் தனிச் சுருள் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். மீட்டர் தாங்கும் கரண்ட் எல்லையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் கவனமெல்லாம் இறக்குவதில்தான். மீட்டரைத் தாடை மூடியபடி சுருளில் மாட்டி, வேரியாக்கை உச்சிக்கு ஏற்றி, இருபது நொடி எடுத்துக்கொண்டு ஒரே சீராகக் கீழே கொண்டுவந்தேன். பல்பு மஞ்சளாகி, சிவந்து, இழை மட்டும் மங்கலாகத் தெரிந்து, அணையும். அணைந்த பிறகும் கரண்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும், குளிர்ந்த இழையின் தடை மிகக் குறைவு. எனவே வேரியாக் அடிமட்டத்தைத் தொடும் வரை கையை எடுக்கக் கூடாது. நடுவில் சுவிட்சை அணைத்தாலோ தாடையைத் திறந்தாலோ, அந்த நொடியில் ஏசி அலை எந்த இடத்தில் இருந்ததோ அதற்கேற்ற காந்தம் கோரில் தங்கிவிடும். சில சமயம் முன்பு இருந்ததைவிட மோசமாகவும் இருக்கும். ஒழுங்காக இறக்கியபோது 95 இருந்த இடத்தில் 3க்கும் குறைவாகவே மிச்சம் இருந்தது. சுருள் கம்பி மெல்லியது என்பதால் அடுத்தடுத்துச் செய்யாமல் ஆறவிட்டுச் செய்வது நல்லது.

சில மீட்டர்களைத் திறந்தால் உள்ளே ஆஃப்செட்டுக்கென்று ஒரு டிரிம்பாட் (ஸ்க்ரூடிரைவரால் திருப்பிச் சரிசெய்யும் சின்ன ரெசிஸ்டர்) இருக்கும். அதைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. கோரில் காந்தம் தங்கியிருக்கும் நேரத்தில் அதைத் திருப்பி ஜீரோ ஆக்கினால், பிறகு ஒரு நாள் டீகாஸ் செய்தவுடன் மீட்டர் எதிர்ப்பக்கம் போய் நிற்கும்.

இப்போது இந்தப் பதிவின் முக்கியமான பகுதி. பிழையின் பங்குகளை எவ்வளவு குறைத்தாலும் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியதை அளவிலிருந்தே கழிக்கும் வழி ஒன்று உண்டு: ஒரு ரீடிங் எடுத்து, கரண்ட் தாடைக்குள் போகும் திசையை மாற்றி இன்னொன்று எடுத்து, இரண்டின் வித்தியாசத்தைப் பாதியாக்குவது. பலருக்கும் தெரிந்த வழிதான். ஆனால் எதைத் திருப்புவது என்பதில் விடையே மாறிவிடுகிறது.

சப்ளையை மாறாக் கரண்ட் நிலையில் வைத்தேன். 1 ஓம் ரெசிஸ்டரில் 85.4 மில்லிவோல்ட். அதாவது உண்மையான கரண்ட் 85.4 மில்லி ஆம்பியர். ஜீரோ பட்டனை வேண்டுமென்றே தொடவில்லை. மீட்டர் கட்டைகளுக்கு நடுவே அசையாமல் இருக்க, வயர் ஒரு திசையில் போனபோது 131. மீட்டரை அப்படியே விட்டு, வயரை மட்டும் எதிர்த்திசையில் நுழைத்தபோது −41. வித்தியாசம் 172, பாதி 86. ரெசிஸ்டர் சொன்னதோடு ஒரு மில்லி ஆம்பியருக்குள் ஒத்துப்போகிறது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 45, அதுதான் ஆஃப்செட்.

அடுத்து வயரைத் தொடாமல், மீட்டரை அதன் நீள அச்சில் முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி மாட்டினேன். களத்தில் எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள், கைப்பிடி நம் பக்கமே இருக்கும். முதல் ரீடிங் அதே 131. திருப்பியதும் −97. பாதி வித்தியாசம் 114. உண்மையைவிட 28 அதிகம்! காரணம் நேரானது. மீட்டரைத் திருப்பும்போது சென்சாரின் சொந்த ஆஃப்செட்டும் கோரில் தங்கிய காந்தமும் மீட்டரோடு சேர்ந்தே திரும்புகின்றன, அதனால் அவை கழிந்துவிடுகின்றன. பூமியின் புலம் திரும்பவில்லை. மீட்டரின் பார்வையில் அது கரண்டைப் போலவே திசை மாறுகிறது, எனவே கரண்டோடு சேர்ந்து விடைக்குள் வந்துவிடுகிறது. 45இல் 28 பூமியின் பங்கு, 17 மீட்டரின் சொந்தப் பங்கு என்பதையும் இந்த இரண்டு சோதனைகளே பிரித்துக் காட்டிவிட்டன. கரண்டை நிறுத்திவிட்டுப் பலகையை அந்த நிலையிலிருந்து அரை வட்டம் சுற்றியபோது 56 மாறியது, 28இன் இரு மடங்கு. கணக்கு கச்சிதமாக உட்கார்ந்ததைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் பெரியது.

ஆகவே மீட்டர் நிற்க வேண்டும், வயர் திரும்ப வேண்டும். இதற்காக வயரைக் கழற்ற வேண்டியதில்லை. ஒரு சாண் தளர்வு இருந்தால் போதும். அந்தத் தளர்வை ஒரு வளைவாக மடித்தால் ஒரு கால் மேலே போகும், மறு கால் கீழே வரும். முதலில் ஒரு காலைத் தாடைக்குள் விட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, தாடையைத் திறந்து, மீட்டரை நகர்த்தாமல் மறு காலை உள்ளே விட வேண்டும். இரண்டையும் ஒரு நிமிஷத்துக்குள் எடுத்துவிட்டால் வெப்ப டிரிஃப்டும் (சூட்டால் எண் மெதுவாக நகர்வது) அளவுக்குள் வராது.

தளர்வே இல்லாத கட்டியான கேபிளுக்கு என்ன செய்வது? மீட்டரைத்தான் திருப்ப வேண்டும். அப்போது நீள அச்சில் திருப்பாமல், அகல அச்சில் தலைகீழாகத் திருப்பி, கேபிளின் எதிர்ப்பக்கத்திலிருந்து மாட்ட வேண்டும். சென்சார் உணரும் திசை அந்த அகல அச்சுதான். அதைச் சுற்றியே திருப்புவதால் பூமியின் பங்கு மாறாமல் நின்று கழிந்துபோகும். திரை அந்தப் பக்கம் போய்விடும் என்பதால் ஹோல்ட் பட்டனோ ஒரு சின்னக் கண்ணாடியோ வேண்டும். பக்கத்தில் வேறு கேபிளோ காந்தமோ இருந்தால் இந்த வழி ஏமாற்றும், ஏனென்றால் சென்சார் இப்போது வேறு இடத்தில் இருக்கிறது, அங்கே புலமும் வேறு.

சுற்றுகளைக் கூட்டுவது இன்னொரு நல்ல துணை. அதே 85.4 மில்லி ஆம்பியரை 10 சுற்று முனையில் விட்டபோது 903, திருப்பியபோது −815. பாதி வித்தியாசம் 859, பத்தால் வகுத்தால் 85.9. திருப்பாமல் முதல் எண்ணை மட்டும் நம்பியிருந்தாலும் 90.3 என்று வந்திருக்கும். ஆஃப்செட்டும் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஃப்யூஸ் இருக்கும் இடத்தில் மாட்டிக்கொள்ளும்படி, நடுவில் 10 சுற்று உள்ள ஒரு ஜம்பர் வயரைச் செய்து வைத்திருக்கிறேன். அதிலும் ஒரு ஃப்யூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். வளையத்தை அப்படியே கவிழ்த்துத் தாடைக்குள் விட்டால் திசையும் மாறிவிடும்.

தாடை நுனிகளைத் துடைப்பதைச் சொல்லாமல் விட முடியாது. இது ஜீரோவைவிட அளவின் பெருக்கத்தைப் பாதிக்கும் விஷயம். 3 மில்லிமீட்டர் இடைவெளியில் 0.1 மில்லிமீட்டர் தூசி சேர்ந்தாலே ரீடிங் 3 சதவீதம் குறையும். உலர்ந்த துணி போதும். உரசித் தேய்க்கும் எதுவும் கூடாது. துடைத்த பிறகு 10 சுற்றில் 1 ஆம்பியர் விட்டு 10.00க்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.

நீண்ட நேரம் மீட்டரை மாட்டி வைத்து அளக்க வேண்டிய வேலைகளில், தொடங்கும்போதும் முடியும்போதும் கரண்டை நிறுத்தி ஜீரோவைக் குறித்துக்கொள்வேன். தொடக்கத்தில் 0, இருபது நிமிஷம் கழித்து −14 என்றால், நடுவில் எடுத்த ரீடிங்கோடு 7 சேர்த்துக்கொள்ளலாம். சூடேறி அடங்கிய மீட்டரில் டிரிஃப்ட் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும், அதனால் இந்தத் திருத்தம் செல்லும். இடையில் மீட்டரை யாராவது நகர்த்தியிருந்தால் செல்லாது.

பேட்டரியின் கதைக்கு வந்தால், வளைவின் இரண்டு கால்களிலும் எடுத்த அளவு 62 மில்லி ஆம்பியர் என்று நின்றது. ஒவ்வொரு ஃப்யூஸாகக் கழற்றி மறுபடி அளந்ததில் ஒன்றைக் கழற்றியதும் 21க்கு இறங்கியது. அந்த வழியில் இருந்த ஒரு சார்ஜர் மாட்யூல்தான் 41ஐ இழுத்துக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த 21ஐ மேலும் பிரிக்க கிளாம்பை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டவில்லை. 10 மில்லி ஆம்பியருக்குக் கீழே போகும்போது தொடரில் ஒரு ஷண்ட் (குறுக்கே உள்ள மின்னழுத்தத்தை வைத்துக் கரண்டைக் கணக்கிட உதவும் ரெசிஸ்டர்) போடுவதே என் வழி. ஹால் சென்சாருக்குப் பதில் ஃப்ளக்ஸ்கேட் என்ற நுட்பமான காந்த சென்சார் உள்ள கிளாம்புகள் அந்த அளவையும் வயரை வெட்டாமல் அளந்துவிடும், ஆனால் இந்த வேலைக்கு அந்தச் செலவு தேவையில்லை. 1 ஓம் ரெசிஸ்டரும் மல்டிமீட்டரும் ஏற்கெனவே பலகையிலேயே இருந்தன.